முத்திரை குத்திய இட்லி

இது நான் நேரில் பார்த்த கதை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொன்னவள் என் விடுதித் தோழி. அவளுக்குச் சொன்னது அவளுடைய பெரியப்பா மகன். அவன் அந்த அலுவலகத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். கேன் போடும்போது கண்ணால் பார்த்ததும், போட்டுவிட்டு வெளியே நின்று காதால் கேட்டதும் கலந்துதான் வந்திருக்கும். என் பங்குக்கு நான் எதையும் கூட்டவில்லை.

ஊருக்கு வேலாங்குடி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கிய பொருளில் கோளாறு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று மக்கள் முறையிடும் இடம். அதன் அலுவலகத்துக்கு ஒரு மாதப் பயிற்சிக்காக சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். குயிலி, ஜெபசிங், ரசாக்.

மூவரும் தங்கமான பிள்ளைகள். சொன்னால் கேட்பார்கள். வம்பே அதில்தான் இருந்தது.

பயிற்சி முடித்ததற்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால்தான் கல்லூரியில் தேர்வு எழுத ஹால் டிக்கெட். மற்ற இருவருக்கும் அது ஒரு காகிதம். குயிலிக்கு அப்படி இல்லை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. 'எம்பொண்ணு கவர்மெண்ட் ஆபீஸ்ல உக்காந்து ஜனங்களுக்கு நியாயம் சொல்லிக்கிட்டு இருக்கு' என்று அவர் சூளை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஏதாவது தப்பு நடந்தால் எப்படிச் சரிசெய்வது என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அதனால் குயிலி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: தப்பே நடக்கக் கூடாது. யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்துவிட வேண்டும்.

அலுவலகக் கண்காணிப்பாளர் பெயர் மாசிலாமணி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர். முதல் நாளே மூவரையும் சுவரொட்டி முன்னால் நிறுத்தினார்.

"படிங்க."

மூவரும் சேர்ந்து உரக்கப் படித்தார்கள். "எதை வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள்."

"இது ஊருக்கு மட்டும் இல்ல, நமக்கும்தான். அப்புறம் இன்னொண்ணு. ரெண்டு தரப்பையும் கேக்காம இந்த ஆபீஸ்ல ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று மாசிலாமணி நம்பினார். அது அவருடைய முதல் தவறு.

பதினோரு மணிக்கு டீ வந்தது. டீ மாஸ்டர் கிளாஸை நீட்டினார். ஜெபசிங் கையை நீட்டவில்லை.

"காலாவதி தேதி என்னைக்குண்ணே?"

"எதுக்கு?"

"இந்த டீக்கு."

டீ மாஸ்டர் கிளாஸை மேஜைமேல் வைத்தார். "ஆறுறதுக்குள்ள குடிச்சிரு தம்பி."

ரசாக் ஒரு துண்டுச் சீட்டில் 'ஆறினால் காலாவதி' என்று எழுதி கிளாஸில் ஒட்டினான். பசை காய்வதற்குள் டீ ஆறிவிட்டது. காலாவதியான பொருளைக் குடிக்கக் கூடாது என்பதால் மூவரும் வாஷ்பேசினில் கொட்டினார்கள். மறுநாளும் இப்படியே. அதற்கடுத்த நாள் டீ மாஸ்டர் அந்தப் பக்கமே வரவில்லை.

பிள்ளையார் கோயிலில் சுண்டல் கொடுத்தார்கள். குயிலி ரசீது கேட்டாள். குருக்கள் தொன்னையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மின்விசிறியைப் போடுவதா வேண்டாமா என்று ஒரு மதியம் பிரச்சினை எழுந்தது. ஜெபசிங்குக்குப் புழுக்கம், ரசாக்குக்கு ஜலதோஷம். குயிலி ரெண்டு தரப்பையும் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். இருவரும் சட்டத்தை எடுத்துக்காட்டி வாதாடினார்கள். அவள் முடிவைச் சொல்ல வாயைத் திறந்தபோது கரண்ட் போய்விட்டது. இரண்டு தரப்பும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டன.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை சாயங்காலம், ஆட்டோவில் ஒரு கிரைண்டர் வந்து இறங்கியது. கூடவே பேச்சியக்கா.

பேச்சியக்கா பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். வாங்கிய மறுநாளிலிருந்தே கிரைண்டர் அவளை அழ வைத்துக்கொண்டிருந்தது.

"காலியா ஓட்டினா ராசா மாதிரி சுத்துது சார். அரிசியப் போட்டாக் கத்துது, பாதியில நின்னுருது. மாவு நறநறன்னு மணலு மாதிரி நிக்குது. கம்பெனிக்காரன் வந்து காலியா ஓட்டிக் காட்டிட்டு, நல்லாத்தானே இருக்குன்னு போயிட்டான். கடை மூடிக் கெடக்கு. நான் பொழைக்கிறதா வேணாமா?"

வெள்ளிக்கிழமை காலை வழக்கு விசாரணை. மாசிலாமணிக்கோ அன்று ராத்திரியே சென்னையில் ஒரு கூட்டத்துக்கு ரயில். மூடி போட்டிருந்த கிரைண்டரை மேஜைமேல் வைக்கச் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை. அது இரண்டாவது தவறு.

"இது சாட்சிப் பொருள்" என்றார் மூவரிடமும். "வந்தது வந்தபடியே இருக்கணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. நான் வெள்ளிக்கிழமை காலைல வந்து பாக்கும்போது ஏதாவது மாறியிருந்துச்சு, அந்தம்மா கேஸும் போச்சு, உங்க சர்டிபிகேட்டும் போச்சு."

"ஒரு சொட்டு மாறாது சார்" என்றாள் குயிலி.

பையைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

உள்ளே இருந்தது என்ன? பாதி அரைபட்ட அரிசியும் உளுந்தும். காலியாக ஓட்டிக் காட்டிய கம்பெனிக்காரனுக்குப் பதில் சொல்ல, பேச்சியக்கா மாவோடு அப்படியே தூக்கி வந்திருந்தாள். அதுவோ சித்திரை மாதம்.

வியாழக்கிழமை காலை குயிலிதான் முதலில் வந்து கதவைத் திறந்தாள். கிரைண்டரின் மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் அடியிலிருந்து மாவு வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

அவள் போட்ட சத்தத்தில் மற்ற இருவரும் ஓடி வந்தார்கள்.

"கூடுதுடா!" என்றாள். "கூடக் கூடாதுன்னு சொன்னாரு. கூடுது!"

ஜெபசிங் மூடியை அமுக்கிப் பார்த்தான். கையை எடுத்தால் மறுபடி எழுந்தது. அதனால் அவன் மேஜைமேல் ஏறி மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டான். மூடி அடங்கியது. மாவு நாலு பக்கமும் வழிந்தது.

"எறங்குடா, கொறையுது!"

ஜெபசிங் இறங்கினான். மாவு எழுந்தது. மறுபடி ஏறினான். கொஞ்ச நேரம் இப்படியே கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள்.

கடைசியில் ரசாக் ஒரு வழி சொன்னான். "கூடினத மட்டும் எடுத்துடுவோம். மட்டம் பழையபடி வந்துரும்."

"எடுத்தத என்ன பண்றது?"

"அதுவும் சாட்சிதானே? பத்திரமா வெப்போம்."

கூடுதல் மாவை வழித்து, டீ மாஸ்டர் திரும்ப வாங்கிப் போகாத கிளாஸ்களில் நிரப்பினார்கள். ஒவ்வொன்றிலும் 'சாட்சிப் பொருளின் தொடர்ச்சி' என்று சீட்டு ஒட்டினார்கள். சற்று நேரத்தில் கிளாஸ்களில் இருந்த மாவும் எழுந்தது. தொடர்ச்சியின் தொடர்ச்சியைத் தண்ணீர் ஜக்கில் ஊற்றினார்கள். அதன் தொடர்ச்சி பேனா ஸ்டாண்டுக்குப் போனது. கேன் போட வந்த பையனிடம் இரண்டு காலிக் கேனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீது கேட்டார்களாம்.

"நாமளா முடிவெடுக்கக் கூடாது" என்றாள் குயிலி திடீரென்று. "ரெண்டு தரப்பையும் கேக்கணும். கம்பெனிக்குப் போன் போடுறேன்."

கிரைண்டரில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்தாள். ஒரு பெண் குரல் இனிமையாகப் பேசியது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்.' பிறகு வயலின்.

இருக்கச் சொன்னதால் குயிலி இருந்தாள். வயலின் முடிந்து அதே குரல் வந்தது, மறுபடி வயலின். சாப்பிடும்போதும் இருந்தாள். ஜெபசிங் மாவு வழிக்க உதவிக்குக் கூப்பிட்டபோது, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு வழித்தாள். மூன்று மணி வாக்கில் போனில் சார்ஜ் தீர்ந்தது.

"அவங்க தரப்பு என்ன சொல்லுது?" என்று பேனாவோடு தயாராக நின்றான் ரசாக்.

"வயலின் வாசிச்சாங்க."

"அவ்வளவுதானா?"

"மத்தியானம் பூரா அதேதான் வாசிச்சாங்க. அதுல ஒறுதியா இருக்காங்கன்னு நெனைக்கிறேன்."

ரசாக் எழுதினான்: 'எதிர்த்தரப்பு வாதம்: வயலின்.'

அதற்குள் மேஜை, ஜன்னல் விளிம்பு, மாசிலாமணியின் நாற்காலி எல்லாவற்றிலும் மாவு நிறைந்த பாத்திரங்கள். அறை முழுக்கப் புளித்த வாசனை. குயிலி தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா சூளையில் யாரிடம் என்னவென்று சொல்வார்? எம்பொண்ணு நியாயத்தைக் காப்பாத்தப் போயி மாவுகிட்டத் தோத்துட்டா என்றா?

சூளையை நினைத்தவுடன்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டேய், பச்சைக் கல்லு மழையில கரையும். சூளையில வேகவெச்ச செங்கல்லு கரையுமா?"

"கரையாது."

"மாறுமா?"

"எப்படி மாறும்? வெந்துருச்சே."

"அப்போ இதையும் வேகவெச்சிருவோம்."

ஜெபசிங் தாடையைத் தடவினான். "வேகவெச்சா அது மாறுன மாதிரி ஆகாதா?"

"இப்ப நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுது. வேகவெச்சா ஒரே ஒரு தடவதான் மாறும். அப்புறம் மாறவே மாறாது. எது நல்லது?"

ரசாக் இரண்டு தரப்பையும் கேட்டான். தீர்ப்பு குயிலி பக்கம் வந்தது.

இட்லிக் கொப்பரைக்கு எங்கே போவது? ஊரிலேயே சும்மா கிடந்த ஒரே கொப்பரை பேச்சியக்காவுடையது. கொப்பரை, அடுப்பு இரண்டையும் அலுவலகத்துக்கே வரவழைத்தார்கள், கூடவே அவளும் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடப் பாவிகளா! அது கேஸு மாவு, டிபன் மாவு இல்ல! இதுல இட்லி ஊத்தினா இட்லியா வரும்? செங்கல்லுதான் வரும்!"

குயிலியின் முகம் மலர்ந்தது. "செங்கல்லே வந்துருமாக்கா? அதேதான் எங்களுக்கும் வேணும்!"

ஆனாலும் பேச்சியக்காவின் இட்லி ஊற்றும் கை சும்மா இருக்குமா? "தள்ளுங்க அங்கிட்டு. துணியைக்கூட நனைச்சுப் போடாம ஊத்துறீங்க" என்று அவளே உட்கார்ந்து ஊற்றினாள். ஊற்ற ஊற்ற, "என் கேஸு போச்சே, என் கேஸு போச்சே" என்று முனகிக்கொண்டே இருந்தாள்.

கிரைண்டரையும், கிளாஸ்களையும், ஜக்கையும், பேனா ஸ்டாண்டையும் ஒரு சொட்டு விடாமல் வழித்து ஊற்றியாயிற்று. வெந்து ஆறியதும் ரசாக் இட்லிகளை வரிசையாக அடுக்கினான். வேறு இட்லி கலந்துவிடக் கூடாதே என்று ஜெபசிங் அலுவலக முத்திரையை எடுத்து, ஊதா மையில் தோய்த்து, ஒவ்வொன்றின் நடுவிலும் குத்தினான். அரசாங்கக் காகிதத்தில் ஒருநாளும் அந்த முத்திரை அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லையாம்.

வெள்ளிக்கிழமை காலை மாசிலாமணி ரயிலிலிருந்து நேரே வந்தார்.

"சாட்சி பத்திரமா இருக்கா?"

"கல்லு மாதிரி இருக்கு சார்" என்றாள் குயிலி. அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

அவர் தட்டுகளைப் பார்த்தார். முத்திரைகளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ரத்த அழுத்த மாத்திரையை எடுத்தார். காலாவதி தேதி பார்த்தாரா என்று ஜெபசிங் கேட்டான். அவர் பதில் சொல்வதற்குள் விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆணையத்தின் தலைவர் ஓர் அம்மா. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். கம்பெனி சார்பில் மேலாளர் தண்டபாணி வந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, எதற்கும் ஒரு சிரிப்பு.

"எங்க மிஷின்ல ஒரு குறையும் இல்லைங்கம்மா. நானே ஓட்டிக் காட்டிட்டு வந்தேன். மாவு வெண்ணெய் மாதிரி வரும். மணல் மாதிரி வந்துச்சுங்கறாங்க. சரி, அந்த மாவ எங்க? காட்டச் சொல்லுங்க."

மாசிலாமணி தரையைப் பார்த்தார். பேச்சியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குயிலி இட்லித் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்னம்மா இது?" என்றார் தலைவர்.

"மாவுதாங்கம்மா. கூடிக்கிட்டே இருந்துச்சு. கூடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அதனால வேகவெச்சுட்டோம். ஒரு சொட்டுகூட வெளிய போகல. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. உங்க தரப்பையும் கேட்டோம் சார்" என்று தண்டபாணி பக்கம் திரும்பினாள். "வயலின் நல்லாருந்துச்சு."

தண்டபாணி வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களாம்மா! சாட்சியையே சமைச்சுட்டாங்க. வழக்கத் தள்ளுபடி பண்ணுங்க. இன்னும் சொல்லப்போனா, எங்க கிரைண்டர்ல அரைச்ச மாவுல சுட்ட இட்லி பஞ்சு மாதிரிதான் இருக்கும். நானே சாப்பிட்டுக் காட்டறேன்."

"சார், தேதி பாத்துட்டு..." என்று ஆரம்பித்தான் ஜெபசிங்.

அவர் பார்க்கவில்லை. முத்திரையோடு சேர்த்து ஒரு கடி கடித்தார்.

'டக்' என்று ஒரு சத்தம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கும் கேட்டது. தண்டபாணியின் சிரிப்பு நின்றது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். இட்லியில் ஒரு கீறல்கூட விழவில்லை. முன்பல்லில் ஒரு மூலையைக் காணோம், உதட்டில் ஊதா மையில் அரசாங்க முத்திரையில் பாதி தெரிந்தது. உடைந்த மூலை இட்லியின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். தலைவர் ஓர் இட்லியை எடுத்து மேஜையில் இரண்டு தட்டு தட்டினார். கூடம் கப்சிப்பென்று அடங்கியது. அவர் இட்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். அரைபடாத அரிசி ஒன்று உதிர்ந்து மேஜைமேல் விழுந்தது.

"மாவ வேகவெச்சது தப்புதான்" என்றார். "ஆனா எப்படி வேகவெச்சாலும் இந்த அரிசி முழுசாத்தானே இருக்கு. மேலாளரே கடிச்சுக் காட்டினதுக்கு அப்புறம் எனக்கு வேற சாட்சி வேண்டாம். அந்தம்மாவுக்குப் புது கிரைண்டர் குடுங்க. ஒரு வாரத்துக்குள்ள."

பேச்சியக்கா அங்கேயே குயிலியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தண்டபாணி வாயைப் பொத்தியபடி, "நான் இவங்க மேல கேஸ் போடுவேன்" என்று ஏதோ சொன்னார்.

ரசாக் அக்கறையாக அவர் பக்கத்தில் போய்க் குனிந்தான். "இட்லிக்கு பில் வாங்கினீங்களா சார்? வாங்கலையா? காசு குடுத்து வாங்காதவங்க நுகர்வோர்ல வர மாட்டாங்களே."

பயிற்சி முடிய இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தது. அன்று மத்தியானமே மாசிலாமணி மூன்று சான்றிதழ்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். 'மிகச் சிறப்பாகப் பணியாற்றினார்' என்று எழுதினார். முழு மாதமும் வந்ததாகவே எழுதினார். அவர்கள் போனால் போதும்.

"இந்தாங்க. கெளம்புங்க. பஸ்ஸு போயிரப் போகுது."

குயிலி சான்றிதழைக் கையில் எடுத்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"சார்..."

"என்ன?"

"இதுல காலாவதி தேதி இல்லையே சார்."

மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் காய்ந்த மாவு இருந்தது.

"அம்மா தாயி, இது சர்டிபிகேட்டும்மா."

"எதை வாங்கினாலும்னு போட்டிருக்கே சார்" என்று சுவரைக் காட்டினாள். அவள் கண்ணில் நீர் முட்டியது. அந்தக் காகிதத்துக்காகத்தான் இத்தனை பாடும். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்பார். ஆனாலும் தேதி இல்லாததை எப்படி வாங்குவது? "எனக்கு இது ரொம்ப வேணும் சார். அதனாலதான் சரியா வாங்கணும்னு பாக்குறேன்."

மற்ற இருவரும் தங்கள் சான்றிதழ்களை மேஜைமேல் மெதுவாகத் திரும்ப வைத்தார்கள்.

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து மணி பஸ்ஸை நினைத்துக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து மூன்றிலும் எழுதினார், எழுதியதன் மேல் முத்திரையும் குத்தினார். குயிலி படித்துப் பார்த்தாள். முகம் தெளிந்தது. "ரொம்ப நன்றி சார்" என்று வாங்கிக்கொண்டாள். சான்றிதழுக்கு ரசீது கேட்பதற்குள் அவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

தோழி இதோடு முடித்தாள். நான் நம்பவில்லை. சொல்கிறவர்கள் கூட்டிச் சொல்வது வழக்கம்தானே. போன மாதம் வேறொரு வேலையாக அந்தக் கல்லூரிக்குப் போக நேர்ந்தபோது அலுவலகத்தில் விசாரித்தேன். குயிலி தேர்வு எழுதிவிட்டாளாம், தேறியும் விட்டாளாம். சான்றிதழைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். எழுத்தர் என்னைக் கேன்டீனுக்குப் போகச் சொன்னார்.

சான்றிதழ் என்றதும் கேன்டீன்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். தயிர் பாக்கெட்டுகளுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில் மூன்று சான்றிதழ்கள் நிமிர்ந்து நின்றன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 'மிகச் சிறப்பாகப் பணியாற்றினார்' என்பதற்குக் கீழே, கண்காணிப்பாளரின் கையெழுத்தோடும் ஊதா முத்திரையோடும் இப்படி இருந்தது: 'தயாரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பயன்படுத்தவும். குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.'

நான் இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது கேன்டீன்காரர் என் தோளைத் தட்டினார்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. ஆனா ஃப்ரிட்ஜுக்கு வெளிய வெச்சுப் பாக்காதீங்க. கெட்டுப் போயிரும்."